நெல்லின் பூசண நோய்க்கு ஆர்.என்.ஏ. தெளிப்பு: விதைச் சர்ச்சையோடு சேர்த்து முடக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தானியப் பயிர்களைத் தாக்கும் பூசண நோய்களை மரபணு ஒடுக்கம் (பூசணத்தின் மரபணுவைச் செயல்படவிடாமல் தடுப்பது) என்னும் வழிமுறையால் கட்டுப்படுத்தும் ஆய்வுகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியுள்ளன. ஆனால், நம் ஊரில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் "இதுவும் மரபணு மாற்றுப் பயிர்தானே" என்ற கேள்வியோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இரு வேறு விஷயங்களை ஒரே முடிச்சில் போட்டுக்கொண்டு வாதிடுகிறார்கள். வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் காவிரிப் படுகையின் நெல் வயல்களில் கழித்தவன் என்ற முறையில் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியதன் அவசியத்தை எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். விதைக்குள் மரபணுவைப் புகுத்துவது ஒரு வழி. வளர்ந்து நிற்கும் பயிரின் மேல், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வைத் தெளிப்பது முற்றிலும் வேறு வழி. முதல் வழியைப் பற்றிய நம் தயக்கங்கள் தீரும்வரை இரண்டாவது வழியையும் கிடப்பில் போட்டு வைப்பது நெல் விவசாயிக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். சம்பாப் பயிர் தூர் கட்டி முடித்து, வரிசைகள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும் பருவத்தில், வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சைப்பசேலென்றுதான் தெரியும். உள்ளே இறங்கி, இரண்டு குத்துகளைக் கையால் விலக்கி, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இலையுறையைப் பார்க்க வேண்டும். அங்கே பசுமை கலந்த சாம்பல் நிறத்தில் நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும். சில நாள்களில் நடுப்பகுதி வைக்கோல் நிறமாக வெளுத்து, ஓரம் பழுப்பாகும். விடியற்காலையில் பனி காயும் முன் பார்த்தால், ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு வெள்ளை இழைகள் ஓடியிருப்பதைக் காணலாம். அந்த இழைகளே பிறகு கடுகளவு பழுப்பு உருண்டைகளாகத் திரண்டு, கை பட்டாலே உதிர்ந்து, நீரில் மிதந்து, மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய்ச் சேரும். அறுவடைக்குப் பின்னும் அவை மண்ணில் கிடந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். இதுதான் இலையுறை கருகல் நோய். ரைசோக்டோனியா சொலானி என்னும் பூசணம் இதற்குக் காரணம். நெருக்கி நட்ட வயலிலும் யூரியாவை அளவுக்கு மீறிப் போட்ட வயலிலும் இது தலைவிரித்தாடும். கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வரை கருகிய பிறகுதான் பல விவசாயிகள் கவனிக்கிறார்கள்; அதற்குள் மணி பிடிக்கும் காலம் வந்துவிடுகிறது.

நெல்லின் மற்றொரு பூசண நோயான குலை நோயைப் பற்றி இவ்வளவு கவலையோடு நான் எழுதமாட்டேன். தஞ்சைப் படுகையில் குலை நோய் கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே பதிவானது. அன்றிலிருந்து இன்றுவரை நமக்குத் தொல்லைதான். இருந்தாலும் அந்த நோய்க்கு எதிரான மரபணுக்கள் நூற்றுக்கும் மேல் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்களை உருவாக்க முடிகிறது. பூசணம் தன்னை மாற்றிக்கொண்டு ஒரு ரகத்தை வென்றால், வேறு மரபணுவைக் கொண்டு அடுத்த ரகத்தைத் தர வழியுண்டு. இலையுறை கருகலுக்கு அந்த வழியே இல்லை. பல்லாயிரக்கணக்கான நெல் ரகங்களைச் சோதித்த பிறகும், ஓரளவு தாக்குப்பிடிக்கும் சில ரகங்கள்தான் கிடைத்திருக்கின்றன. இந்நோயை முழுமையாக எதிர்க்கும் நெல் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே விவசாயியின் கையில் மிஞ்சுவது மருந்து மட்டுமே. ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல், அசாக்சிஸ்ட்ரோபின், வாலிடமைசின் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி அடிக்கிறார்கள். ஒரு முறை அடித்துக் கேட்காவிட்டால் இரண்டு மருந்துகளைக் கலந்து அடிக்கிறார்கள்.

இந்த மருந்துகளை நம்பியே காலம் தள்ள முடியாது என்பதற்கு ட்ரைசைக்ளசோல் ஒரு பாடம். குலை நோய்க்கு நம் விவசாயிகள் பல காலமாகப் பயன்படுத்திவரும் மருந்து அது. ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் அதன் எச்சத்துக்கான உச்சவரம்பை ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பதிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது, வடமாநிலங்களின் பாஸ்மதி ஏற்றுமதி ஆட்டம் கண்டது. நம் பொன்னி அரிசி ஐரோப்பாவுக்குப் போவதில்லை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அங்குள்ளவர் உண்ணக்கூடாது என்று தள்ளிய அளவை நம் பிள்ளைகள் உண்ணலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி மரபணு ஒடுக்கத்துக்கு வருகிறேன். ஓர் உயிரணுவில் மரபணு நேரடியாக வேலை செய்வதில்லை. அதன் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் படியெடுக்கப்பட்டுப் புரதம் தயாராகும் இடத்துக்குப் போகிறது. ஓட்டலில் வாடிக்கையாளர் கேட்டதை எழுதிச் சமையற்கட்டுக்கு அனுப்பும் சீட்டை வழியிலேயே கிழித்தெறிந்துவிட்டால் பண்டம் மேசைக்கு வராது அல்லவா, அதுபோல இந்தச் செய்தி ஆர்.என்.ஏ.வை வழியிலேயே அழித்துவிட்டால் அந்த மரபணு இருந்தும் இல்லாததாகிவிடும். உயிரணுவுக்குள் இரட்டையிழை ஆர்.என்.ஏ. நுழைந்தால், டைசர் என்னும் நொதி அதைச் சுமார் 21 முதல் 24 எழுத்துகள் (ஆர்.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளை வழிகாட்டியாகக் கொண்டு ஆர்கோனாட் என்னும் புரதம், அதே எழுத்து வரிசையுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து அழிக்கிறது. புழுக்களில் இந்தச் செயல்பாட்டை 1998-ல் விளக்கிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகிய இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. இது மனிதன் புதிதாகக் கண்டுபிடித்த கருவியன்று. வைரஸ்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள தாவரங்கள் இந்த ஏற்பாட்டைக் காலங்காலமாக வைத்திருக்கின்றன. அதைவிட வியப்பானது, பயிருக்கும் பூசணத்துக்கும் இடையே இந்தத் துண்டுகள் இயற்கையாகவே கைமாறுகின்றன என்பது. சாம்பல் பூசணமான போட்ரைடிஸ் தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடிக்குள் அனுப்பி அதன் எதிர்ப்பாற்றலை முடக்குவதை 2013-ல் தாவரநோய் ஆய்வாளர் ஹைலிங் ஜின் குழுவினர் காட்டினர். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பருத்திச் செடி தன் சிறு ஆர்.என்.ஏ.க்களை வாடல் நோய்ப் பூசணத்துக்குள் அனுப்பி அதை வலுவிழக்கச் செய்வது தெரியவந்தது. ஆக, இருதரப்புக்கும் இடையே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு போரில் நாம் பயிரின் பக்கம் நின்று கைகொடுப்பதைத்தான் மரபணு ஒடுக்கம் என்கிறோம்.

தானியப் பயிர்களில் இதன் கதை பார்லியில் தொடங்குகிறது. ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் என்னும் ஊரில் உள்ள தாவர மரபியல் ஆய்வு நிறுவனத்தினர், பார்லி, கோதுமைச் செடிகளுக்குள் உருவாக்கிய இரட்டையிழை ஆர்.என்.ஏ. அவற்றைத் தாக்கிய சாம்பல் நோய்ப் பூசணத்தின் மரபணுவை ஒடுக்குவதை 2010-ல் நிறுவினர். 2013-ல் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபுசேரியம் கிராமினேரம் என்னும் பூசணத்தின் மூன்று மரபணுக்களை ஒருசேரக் குறிவைத்தனர். பூசணத்தின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் என்னும் பொருளைத் தயாரிக்க உதவும் மரபணுக்கள் அவை. நம் விவசாயி அடிக்கும் ஹெக்சகோனசோலும் புரோபிகோனசோலும் தாக்குவது அதே இடத்தைத்தான் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வேதிமருந்து அந்த நொதியைத் தடுக்கிறது, ஆர்.என்.ஏ. அந்த நொதி உருவாவதையே தடுக்கிறது. 2016-ல் அதே குழுவினர் மரபணு மாற்றம் எதுவும் செய்யாத சாதாரண பார்லி இலைகளின் மேல் 791 எழுத்துகள் நீளமுள்ள இரட்டையிழை ஆர்.என்.ஏ.வைத் தெளித்துப் பார்த்தனர். தெளித்த பகுதியில் மட்டுமன்றி, அதே இலையில் தெளிக்காத பகுதியிலும் பூசணத்தின் வளர்ச்சி ஒடுங்கியது. என் கணிப்பில் இத்துறையின் திருப்புமுனை அந்த ஆய்வுதான். விதையைத் தொடாமலேயே இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதை அது காட்டியது.

நெல்லுக்கு வருவோம். இந்திய ஆய்வாளர்கள் 2017-ல் ரைசோக்டோனியாவின் நோயுண்டாக்கும் இரு மரபணுக்களை ஒடுக்கும் வகையில் நெற்செடியையே மாற்றியமைத்து, இலையுறை கருகலின் தீவிரம் குறைவதைக் காட்டினர். அது விதை வழி. 2021-ல் வெளியான மற்றோர் ஆய்வு, வெளியிலிருந்து தரப்படும் இரட்டையிழை ஆர்.என்.ஏ.வை எந்தெந்தப் பூசணங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தது. நன்றாக உறிஞ்சிய பூசணங்களின் பட்டியலில் ரைசோக்டோனியா சொலானி இருந்தது. பல பயிர்களில் பறவைக்கண் நோயையும் அழுகலையும் உண்டாக்கும் கொலிட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்டஸ் உறிஞ்சவே இல்லை. கோதுமையின் இலைப்புள்ளிப் பூசணமான சைமோசெப்டோரியாவும் உறிஞ்சுவதில்லை என்று வேறோர் ஆய்வு சொல்கிறது. மக்காச்சோளக் கரிப்பூட்டைப் பூசணத்திடம் இந்த ஒடுக்க ஏற்பாடே கிடையாது. அதன் மேல் எவ்வளவு ஆர்.என்.ஏ. கொட்டினாலும் பயனில்லை. எல்லாப் பயிர் நோய்க்கும் இதுவே மருந்து என்று பேசுபவர்களை நம்ப வேண்டாம் என்பதற்காகவே இவற்றை எடுத்துச் சொல்கிறேன். அதே சமயம், எதிர்ப்பு ரகமே இல்லாத நெல் நோய் ஒன்று, இந்தத் தெளிப்பு நன்றாக எடுபடக்கூடிய பூசணத்தால் வருகிறது என்பது நமக்கு வாய்த்த நல்ல வாய்ப்பு. அதைக் கைநழுவ விடக்கூடாது.

விதை வழிக்கும் தெளிப்பு வழிக்கும் சட்டத்தின் பார்வையிலும் வேறுபாடு உண்டு. மரபணு மாற்றிய விதை என்பது உயிருள்ள பொருள்; பல்கிப் பெருகக்கூடியது; மகரந்தம் வழியாகப் பக்கத்து வயலுக்குப் போகக்கூடியது. அதனால்தான் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அது மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் முன் செல்கிறது. வயல்வெளிச் சோதனைக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்றும் தேவைப்படுகிறது. பூச்சியை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு 2010-ல் விதிக்கப்பட்ட தடை இன்றும் நீடிக்கிறது. மரபணு மாற்றுக் கடுகின் வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். இந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. நெல்லின் பிறப்பிடங்களில் ஒன்றான நம் நாட்டில், ஆயிரக்கணக்கான பாரம்பரிய ரகங்களை வைத்திருக்கும் நாம், விதை விஷயத்தில் நிதானமாக இருப்பதே சரி. ஆனால் தெளிக்கப்படும் ஆர்.என்.ஏ. உயிரற்றது, முளைக்காது, பயிரின் மரபணுத் தொகுதியில் ஒட்டிக்கொள்ளாது. மண்ணிலும் வெயிலிலும் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் சிதைந்துவிடும். இதைப் பயிர்ப் பாதுகாப்பு மருந்தாகக் கருதி, 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் கீழ் இத்தகைய மருந்துகளைப் பதிவு செய்யும் மத்திய பதிவுக் குழு ஆராய்வதே பொருத்தம். அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தெளிப்பு மருந்துக்கு 2023 டிசம்பரில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி அளித்ததும் பூச்சிமருந்து என்ற வகையில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இதன் இடர்ப்பாடுகளை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். பார்லியில் நடந்த அந்தப் புகழ்பெற்ற சோதனை, வெட்டியெடுத்த இலைகளை ஆய்வகத் தட்டில் வைத்துச் செய்யப்பட்டது. மன்னார்குடிப் பக்கத்து வயலில் கார்த்திகை மழையில் நிற்கும் பயிர் வேறு. இலையுறை கருகல் பிடிப்பது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய அடித்தூரில். நம் தெளிப்பான்கள் நனைப்பது மேல் இலைகளை. கைத்தெளிப்பானைப் பிடித்திருப்பவர் குனிந்து, குழல்முனையைத் தூர்களுக்கிடையே செலுத்தினால்தான் மருந்து அங்கே இறங்கும். கூலிக்கு அடிப்பவர் அப்படி அடிப்பதில்லை. இப்போது பரவிவரும் ட்ரோன் தெளிப்பில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் நீரே மேலிருந்து தூவப்படுகிறது. அதில் அடித்தூருக்கு எவ்வளவு சேரும் என்பதை வயலில் இறங்கியவர் எவரும் சொல்லிவிடுவார். வேதிமருந்துக்கே இந்தச் சிக்கல் உண்டு என்றாலும், வெயிலில் சிதைந்து மழையில் கரையும் ஆர்.என்.ஏ.வுக்கு இது இன்னும் பெரிது. இலைக்குள் அது நகர்ந்து செல்லும் என்ற பார்லி முடிவு, வளர்ந்த நெற்பயிரில் மேலிலையிலிருந்து அடியுறை வரை பொருந்துமா என்பதை நம் வயலில்தான் சோதித்தறிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் ஆர்.என்.ஏ.வை நுண்ணிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தபோது, வைரஸிடமிருந்து செடிக்குக் கிடைத்த பாதுகாப்பு 20 நாள்கள் வரை நீடித்தது. அந்த உத்தியை நெல்லின் பூசணத்துக்கும் நம் பருவமழைக்கும் ஏற்பத் தகவமைக்க முடியுமா என்பதே என் பார்வையில் இன்றைய முதன்மையான ஆய்வுக் கேள்வி.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோற்றிலும் கீரையிலும் மீனிலும் ஆர்.என்.ஏ.வை நாம் அன்றாடம் உண்கிறோம். குடலில் அது செரித்துவிடுகிறது. அதனால் அச்சமே வேண்டாம் என்று பொதுப்படையாகச் சொல்லிவிடவும் முடியாது. கவனிக்க வேண்டியது எழுத்து வரிசையை. குறிவைக்கும் வரிசை வேறு உயிரினத்தின் மரபணுவோடு பொருந்தினால் அதுவும் ஒடுங்கக்கூடும். நம் விவசாயிகளைப் பொறுத்தவரை முதலில் சோதிக்க வேண்டியது ட்ரைக்கோடெர்மாவை. அதுவும் ஒரு பூசணம்தான். ஆனால் ரைசோக்டோனியாவின் இழைகளைச் சுற்றிப் பிடித்து உண்ணும் நன்மைப் பூசணம். நம் வேளாண் துறையே அதை உற்பத்தி செய்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. 2021 ஆய்வில் ட்ரைக்கோடெர்மா விரென்ஸ் ஆர்.என்.ஏ.வைக் குறைவாகவே உறிஞ்சியது என்பது நல்ல செய்தி; என்றாலும் குறைவு என்பது இல்லை என்றாகாது. நாம் பரிந்துரைக்கும் இனங்களோடு பொருந்தாத வரிசையைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, முடிவை வெளியிட வேண்டும். விதைநேர்த்திக்குப் பயன்படும் சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா. அதனிடம் டைசரும் ஆர்கோனாட்டும் சேர்ந்த இந்த ஏற்பாடு இல்லாததால் அதைப் பற்றிய கவலை குறைவு. தவளை, நத்தை, மீன், தேனீ ஆகியவற்றுக்கான வழக்கமான நச்சுத்தன்மைச் சோதனைகள் எதையும் விட்டுவிடக் கூடாது. வயலில் நிற்கும் நீர் கடைசியில் வாய்க்காலுக்குத்தான் போகிறது.

எதிர்ப்புத்திறன் பூசணத்துக்கு வராது என்றும் நினைத்துவிடக் கூடாது. உருளைக்கிழங்கு வண்டைத் தொடர்ந்து இரட்டையிழை ஆர்.என்.ஏ.வுக்கு உட்படுத்தி ஆய்வகத்தில் வளர்த்தபோது, சில தலைமுறைகளில் அதற்குத் தாக்குப்பிடிக்கும் வண்டுகள் உருவாயின. ஆகவே ஒரு மருந்துக்குப் பதில் இன்னொரு மருந்து என்று இதை விவசாயியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. இடைவெளி விட்டு நடுவது, தழைச்சத்தைப் பிரித்து இடுவது, வரப்புக் களைகளை அகற்றுவது ஆகிய வேலைகளோடு சேர்ந்துதான் இது நிற்கும். அந்த வேலைகளைச் செய்யாத வயலில் ஆர்.என்.ஏ.வும் தோற்கும்.

விலையும் முக்கியம். பாக்டீரியாவைக் கொண்டு பெருமளவில் இரட்டையிழை ஆர்.என்.ஏ. தயாரிக்கும் முறைகள் வந்தபிறகு அதன் உற்பத்திச் செலவு முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் பெரிதும் குறைந்துள்ளது. அந்தப் பயன் விவசாயிக்கு வந்து சேர வேண்டுமானால், குறிவைக்கும் எழுத்து வரிசைகள் தனியார் காப்புரிமைக்குள் அடைபடுவதற்கு முன், பொதுத்துறை ஆய்வு நிலையங்கள் தம் பங்கைச் செய்தாக வேண்டும். பி.டி. பருத்தி விதையின் விலை எட்டாத உயரத்துக்குப் போய், பிறகு அரசு தலையிட்டுக் கட்டுப்படுத்த நேர்ந்த அனுபவம் நமக்கு இருக்கிறது.

ஆகவே மாநில அரசையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்வது இது. ஆடுதுறையில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில், உரிய ஒழுங்குமுறை அனுமதியோடு, இலையுறை கருகலுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தெளிப்பைச் சம்பா, தாளடிப் பருவங்களில் திறந்த வயலில் சோதிக்க வேண்டும். கைத்தெளிப்பான், விசைத்தெளிப்பான், ட்ரோன் ஆகிய மூன்றையும் பயன்படுத்தி, தெளித்த மறுநாள் மழை பெய்த வயலையும் பெய்யாத வயலையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஹெக்சகோனசோல் அடித்த வயலும் எதுவுமே அடிக்காத வயலும் ஒப்பீட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். முடிவு சாதகமோ பாதகமோ, மகசூல் கணக்கோடும் ட்ரைக்கோடெர்மா சோதனையின் விவரத்தோடும் தமிழில் வெளியிட வேண்டும். மத்தியப் பதிவுக் குழுவோ, இரட்டையிழை ஆர்.என்.ஏ. மருந்துகளுக்கு என்னென்ன தரவுகள் தேவை என்பதைத் தனி வழிகாட்டுதலாக வெளியிட வேண்டும். அதன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும்போது விவசாயச் சங்கங்கள் படித்துக் கருத்துச் சொல்லும் வகையில் மாநில மொழிகளிலும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.